தங்கத்தின் பீக் அகலமானால் எலக்ட்ரான் டைட்டானியாவுக்குப் போய்விட்டது என்று அர்த்தமா?

பனிமூட்டம் (உதகை)
ஞாயிறு, இரவு 10.40

வணக்கம். உதகையில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு. கைடிடம் கேட்க முடியாத கேள்வி இது. அவர் சொன்னதைப் பற்றித்தான் கேள்வியே.

சிட்ரேட் முறையில் தங்க நானோதுகள் செய்தேன். எலக்ட்ரான் நுண்ணோக்கி (டெம்) படத்தில் சராசரி விட்டம் 15 நானோமீட்டர். தண்ணீரில் மாதுளைச் சாறு மாதிரி நிறம். ஒளி உறிஞ்சல் வரைபடத்தின் உச்சி, அதாவது பீக், 525 நானோமீட்டரில், பாதி உயரத்தில் அதன் அகலம் 70. அதே துகளை டைட்டானியம் டைஆக்சைடு (டைட்டானியா) படலம் பூசிய கண்ணாடியில் சொட்டு விட்டுக் காயவைத்தேன். நிறம் ஊதாவாகிவிட்டது. பீக் 560-க்கு நகர்ந்தது, அகலம் 110.

ஆற்றல் அலகான எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மாற்றினால் 0.31 இருந்த அகலம் 0.43 ஆகியிருக்கிறது. கைடு பார்த்துவிட்டுச் சொன்னது இது: "பிளாஸ்மான் சீக்கிரம் செத்தால் பீக் அகலமாகும். டைட்டானியாவைத் தொட்டதும் அகலமாகியிருக்கிறது. அப்போ கூடின பங்கு முழுக்க ஹாட் எலக்ட்ரானா டைட்டானியாவுக்குள்ள போயிருக்கு. 0.12-ஐ 0.43-ஆல் வகு. 28 சதவீதம். எழுத ஆரம்பி." (ஹாட் எலக்ட்ரான் என்றால் ஒளியின் ஆற்றலை வாங்கித் துள்ளும் எலக்ட்ரான்.)

சந்தோஷப்பட வேண்டிய எண்தான். எனக்கோ வயிற்றைக் கலக்குகிறது. தவறு எங்கே என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் இவ்வளவு சுலபமாக இருக்க முடியாது என்று மட்டும் தோன்றுகிறது.

---

குன்னூர்க்காரி (குன்னூர்)
திங்கள், காலை 6.15

வயிற்றைக் கலக்கியது நல்லதுதான் தம்பி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், மற்றவர்களும் படிப்பார்கள்.

தங்கத்துக்குள் சுதந்திரமாகத் திரியும் எலக்ட்ரான்களை ஒளியின் மின்புலம் ஆட்டுகிறது. எல்லாம் சேர்ந்து ஒரே தாளத்தில் ஆடினால் அதுதான் பிளாஸ்மான். ஆட்டம் ரொம்ப நேரம் நிற்காது. உங்கள் 0.31 அகலத்துக்குக் கணக்குப் போட்டால் ஆயுள் 4 ஃபெம்டோ நொடி சொச்சம், 0.43-க்கு 3 (ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடியாகப் பிரித்தால் ஒரு துண்டு ஒரு ஃபெம்டோ நொடி). பச்சை ஒளி ஒரு முறை அலைந்து முடிக்கவே 1.75 ஃபெம்டோ நொடி ஆகும். அதாவது இரண்டு சுற்று சொச்சம் ஆடுவதற்குள் கூட்டம் கலைந்துவிடுகிறது.

கலைவதற்கு வழிகள் பல உண்டு. ஒளியாகவே திரும்ப உமிழலாம். 15 நானோமீட்டர் துகளில் அந்தச் செலவு அற்பம், பெரிய துகளுக்குத்தான் அது பெரிய ஓட்டை. தங்கத்தின் டி பட்டை என்ற கீழ் ஆற்றல் மட்டத்திலிருந்து ஓர் எலக்ட்ரானை மேலே தூக்கிவிடலாம். அந்த வாசல் 2.4 எலக்ட்ரான் வோல்ட் வாக்கில் திறக்கிறது. உங்கள் 525 நானோமீட்டர் என்பது 2.36, வாசல்படியிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். துகளின் மேற்பரப்பில் மோதிச் சிதறுவது இன்னொரு வழி. கடைசி வழியைத்தான் உங்கள் கைடு பிடித்துக்கொண்டிருக்கிறார்: மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் பொருளின் காலி மட்டத்துக்கு எலக்ட்ரான் நேராகத் தாவுவது. இதற்கு வேதி இடைமுகத் தணிவு என்று பெயர். 1990-களின் தொடக்கத்திலேயே பெர்சன் கோட்பாடாகவும், கிரைபிக் குழுவினர் வெள்ளித் துகள்களில் சோதனையாகவும் காட்டிவிட்டார்கள். ஆக அப்படி ஒன்று இருப்பது உண்மை.

ஆனால் அகலம் சொல்வது ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் நின்றது என்பதை மட்டும்தான். நின்றபின் அந்த ஆற்றல் எங்கே போனது என்று அதற்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் ஒன்றரை ஏக்கர் தேயிலை. காலையில் பறித்த கொழுந்து மதியம் எடை போடும் இடத்தில் குறையும். வெயிலில் வாடியதா, சாக்கிலிருந்து சிந்தியதா, ஈரத்துக்கென்று கழித்ததா, தராசு முள்ளா? குறைந்த கிலோவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அத்தனையும் வாங்குகிறவர் எடுத்தார் என்று எழுத முடியுமா? (அப்பா அப்படித்தான் சொல்வார். அது வேறு விஷயம்.)

இனி உங்கள் அளவுக்கு வருவோம். முதல் அளவு தண்ணீரில், இரண்டாவது காற்றில் காய்ந்த படலத்தில். இரண்டையும் ஒப்பிடவே கூடாது. டைட்டானியாவின் ஒளிவிலகல் எண் 2.5 பக்கம், அதைத் தொட்டாலே பீக் சிவப்புப் பக்கம் நகரும். ஒரு எலக்ட்ரான்கூடத் தாவ வேண்டியதில்லை. அப்புறம் அந்த ஊதா நிறம். சொட்டு காயும்போது ஓரத்தில் காப்பிக்கறை மாதிரி வளையம் விழுந்திருக்குமே, அங்கே துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய துகள்கள் ஒன்றையொன்று ஆட்டும், நிறம் ஊதாவாகும். இதையெல்லாம் விட முக்கியமானது, கோடிக்கணக்கான துகளைச் சேர்த்து அளக்கிறீர்கள். ஒன்று படலத்தை நன்றாகத் தொட்டிருக்கும், ஒன்று லேசாக, ஒன்று இன்னொரு தங்கத்தின் தோளில். ஒவ்வொன்றின் பீக்கும் வெவ்வேறு இடத்தில் விழும். தனித்தனியே ஒன்றும் அகலமாகாமலே கூட்டுத்தொகை அகலமாகத் தெரியும்.

ஆக, அதே துகளை வெறும் கண்ணாடியிலும், சிர்க்கோனியா (சிர்க்கோனியம் டைஆக்சைடு) படலத்திலும் ஏற்றுங்கள். சிர்க்கோனியாவுக்கும் ஒளிவிலகல் எண் 2-க்கு மேல். ஆனால் அதன் கடத்தல் பட்டை, அதாவது எலக்ட்ரான் குடியேறக்கூடிய காலி மட்டம், மிக உயரத்தில் இருக்கிறது, உங்கள் எலக்ட்ரான் ஏற முடியாது. சிர்க்கோனியாவிலும் இதே அகலம் வந்தால் 28 சதவீதத்தை மறந்துவிடலாம்.

---

பூம்பாறைப்பூண்டு (கொடைக்கானல்)
திங்கள், காலை 9.02

அக்கா சொன்னதோடு ஒரு உள்ளூர்ச் சங்கதி. சிட்ரேட் முறையில் கொதிக்கவைக்கச் சொல்வார்கள். தம்பி, உதகையில் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தீர்களா? 93-ஐத் தொடாது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகாத ஊர் நம்முடையது. கீழே 100 டிகிரியில் எழுதிய செய்முறையை இங்கே செய்தால் வினை மெதுவாக நடக்கும், துகளின் அளவும் பரவலும் புத்தகத்தில் இருக்கிற மாதிரி வராது. சராசரி 15 என்று சொல்கிறீர்கள். பரவல் எவ்வளவு?

---

பனிமூட்டம்
திங்கள், மதியம் 1.30

பரவல்... 15, கூட்டியோ குறைத்தோ 4. இப்போது எழுதும்போதே கூசுகிறது.

தெர்மாமீட்டர் வைத்தேன் அண்ணா. 92.5.

---

பூம்பாறைப்பூண்டு
திங்கள், மதியம் 1.41

குறைபட வேண்டாம். நாங்கள் எல்லாரும் அந்தக் குழியில் விழுந்து எழுந்தவர்கள்தான்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். தங்கத்துக்கும் டைட்டானியாவுக்கும் நடுவே எலக்ட்ரான் தாண்ட வேண்டிய ஆற்றல் சுவர், ஷாட்கி தடுப்பு, சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட். உங்கள் ஒளி 2.3. ஹாட் எலக்ட்ரான்களில் பாதிக்கு அந்தத் தடுப்பைத் தாண்ட ஆற்றல் இருக்கும். ஆனால் ஆற்றல் இருந்தால் மட்டும் போதுமா? இடைமுகத்தை நோக்கி நேராக ஓட வேண்டும். பக்கவாட்டில் ஓடுகிறவன் சுவரில் உரசிவிட்டுத் திரும்புவான். இதைச் சேர்த்துப் போடுவதுதான் ஃபவுலர் கணக்கு: 2.3-இலிருந்து 1.1-ஐக் கழித்து, வர்க்கமாக்கி, தங்கத்தின் ஃபெர்மி ஆற்றல் 5.5, ஒளி ஆற்றல் 2.3, இவற்றோடு 4-ஐயும் பெருக்கி வகுத்தால் வருவது 2.8 சதவீதம். கைடின் எண்ணில் தசமப்புள்ளியை ஓர் இடம் தள்ளி வைத்தால் சரியாகிவிடும் போலிருக்கிறது :)

---

கோத்தகிரிக் குளிர் (கோத்தகிரி)
திங்கள், இரவு 8.20

எல்லோரும் ஏன் இப்படி மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள்? தங்கம் ஒளியை உறிஞ்சுகிறது, சூடாகிறது. மீதியெல்லாம் பேப்பர் போடுவதற்காகச் சொல்கிற கதை. ஹாட் எலக்ட்ரான் என்று பெயர் வைத்தால் நிதி வரும், சூடு என்று சொன்னால் வராது. பத்து வருடமாகப் பார்க்கிறேன்.

---

குன்னூர்க்காரி
திங்கள், இரவு 9.55

கோத்தகிரியார் பாதி சரி. எரிச்சல் முழுக்கச் சரி.

ஆற்றல் கடைசியில் சூடாகத்தான் முடிகிறது, அதில் தகராறு இல்லை. ஆட்டம் சில ஃபெம்டோ நொடியில் கலைகிறது. கலைந்து பிறந்த ஹாட் எலக்ட்ரான்கள் மற்ற எலக்ட்ரான்களோடு மோதிப் பங்கு போட சில நூறு ஃபெம்டோ நொடி. அங்கிருந்து தங்கத்தின் அணுக்களுக்குப் போக சில பிக்கோ நொடி (ஒரு பிக்கோ ஆயிரம் ஃபெம்டோ), சுற்றியிருக்கும் தண்ணீருக்கோ கண்ணாடிக்கோ போக நூறு பிக்கோ நொடி அளவில். கேள்வி என்னவென்றால், முதல் சில நூறு ஃபெம்டோ நொடிக்குள் எத்தனை எலக்ட்ரான் வாசலைத் தாண்டித் தப்பித்தது என்பதுதான். தப்பியது சூடாகவில்லை. தப்பாதது எல்லாம் சூடு.

சண்டை நடந்ததும் உண்மை. அமெரிக்காவில் ஹாலஸ் குழு 2018-இல் அம்மோனியாவைச் சிதைக்கும் வினையில் ஹாட் எலக்ட்ரான்கள் வினையின் தடையைக் குறைக்கின்றன என்று எழுதியது. அடுத்த வருடமே சிவன், டூபி ஆகியோரின் குழு வெப்பநிலை அளந்த விதத்தையே கேள்வி கேட்டது. அதற்குப் பதில், பதிலுக்குப் பதில். அந்தச் சண்டையால் ஒரு நன்மை: இப்போது யார் எழுதினாலும் சூட்டைத் தனியாக அளந்தாயா என்று முதலில் கேட்கிறார்கள்.

பூண்டு போட்ட 2.8 பற்றியும் ஒரு வார்த்தை. அது தட்டையான, கனமான உலோகத்துக்குப் போட்ட கணக்கு. 15 நானோமீட்டர் உருண்டையில் எல்லாப் பக்கமும் இடைமுகம்தான், நேராக ஓட வேண்டும் என்ற விதி தளர்ந்துபோகும். 2007-இல் ஜப்பானில் ஃபுருபே குழுவினர் 10 நானோமீட்டர் தங்கத்தை டைட்டானியாவில் வைத்துப் பார்த்தார்கள். 240 ஃபெம்டோ நொடிக்குள் எலக்ட்ரான் அக்கரை சேர்ந்துவிடுகிறது, விளைச்சல் 40 சதவீதம் அளவில். 2015-இல் லியான் குழுவினர் காட்மியம் செலனைடு தண்டுகளின் முனையில் தங்கம் வைத்தது 24 சதவீதத்துக்கு மேல். அதில் எலக்ட்ரான் தங்கத்துக்குள் பிறந்து வாசல் தேடி ஓடுவதில்லை. பிளாஸ்மான் கலையும்போதே எலக்ட்ரான் குறைகடத்தியான அந்தத் தண்டில் பிறக்கிறது, அது விட்டுப்போன காலியிடம் மட்டும் தங்கத்தில் நிற்கிறது. ஓடும் வேலையே இல்லாததால் ஃபவுலர் கணக்கு அதற்குப் பொருந்தாது.

ஆக 28 என்ற எண் நடக்கவே முடியாதது இல்லை. நீங்கள் அளந்த விதத்தில் அது தெரிய முடியாது என்பதுதான் என் கட்சி. ஃபுருபே குழு தங்கத்தின் அகலத்தைப் பார்க்கவில்லை. டைட்டானியாவுக்குள் வந்து சேர்ந்த எலக்ட்ரான் அகச்சிவப்பை உறிஞ்சும், அவர்கள் அதைப் பார்த்தார்கள். புறப்பட்ட இடத்தில் நின்று எண்ணாமல் வந்து சேரும் இடத்தில் போய் நின்றார்கள். ஒப்பிட எதை வைத்தார்கள் தெரியுமா? சிர்க்கோனியா.

---

பனிமூட்டம்
செவ்வாய், காலை 7.10

அக்கா, எங்கள் லேபில் ஃபெம்டோ நொடி லேசர் எங்கே இருக்கிறது? உறிஞ்சல் அளக்கும் யு.வி.-விசிபிள் கருவிக்கே திங்கள், வியாழன் மட்டும்தான் முறை. வந்து சேர்ந்ததை எப்படிப் பார்ப்பது? மெத்திலீன் நீலச் சாயத்தை வெயிலில் வைத்து நிறம் போகிறதா என்று பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

---

பூம்பாறைப்பூண்டு
செவ்வாய், காலை 7.48

வெயிலில் வேண்டவே வேண்டாம். டைட்டானியா 387 நானோமீட்டருக்குக் கீழே தானே ஒளியைக் குடித்து வேலை செய்யும். மலையில் 1,000 மீட்டர் ஏறினால் புறஊதா சுமார் 10 சதவீதம் கூடும், நாம் 2,000-க்கு மேலே இருக்கிறோம். நீலம் வெளுத்துவிடும், தங்கம் சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கும். போதாக்குறைக்கு மெத்திலீன் நீலமே சிவப்பு ஒளியை உறிஞ்சித் தானும் எலக்ட்ரானை டைட்டானியாவுக்குத் தள்ளும். யார் தள்ளியது என்று பஞ்சாயத்து வைக்க வேண்டிவரும்.

---

இந்துநகர்ப் பெரியவர் (உதகை)
செவ்வாய், பகல் 11.30

பேத்தி இந்தப் பக்கத்தைக் காட்டினாள். நான் டிப்ளமோ படித்தவன், பிளாஸ்மான் எல்லாம் தெரியாது. இங்கே இருந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தொழிற்சாலையில் எமல்ஷன், அதாவது ஃபிலிமில் பூசும் ஒளி உணரும் கலவை, பக்கம் வேலை பார்த்தேன். நீங்கள் பேசுவது எனக்குப் புதிதாக இல்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வேலை முக்கால்வாசி இருட்டில். சுவரில் கைவைத்து, அடி எண்ணி நடப்போம். பதினாலு அடி, இடது பக்கம் கதவு. இப்போதும் கரண்ட் போனால் வீட்டில் நான்தான் முதலில் மெழுகுவர்த்தி எடுப்பேன்.

சில்வர் புரோமைடு நீங்கள் சொல்கிற குறைகடத்திதான். ஒளி பட்டால் அதற்குள் எலக்ட்ரான் கிளம்பும். படிகத்தின் மேல் பழுதான ஓரிடத்தில் சிக்கும். அந்த இடத்துக்கு வெள்ளி அயனி வந்து சேர்ந்து அணுவாகும். இப்படி நாலு அணு சேர்ந்துவிட்டால் போதும், டெவலப்பரில் அந்தப் படிகம் முழுக்கக் கறுப்பாகும். 1938-இல் கர்னி, மாட் இருவரும் தந்த விளக்கம் என்று பயிற்சி வகுப்பில் சொல்லித்தந்தார்கள். அதாவது குறைகடத்தியிலிருந்து எலக்ட்ரான் உலோகத்துக்குப் போவது. உங்கள் கதைக்கு நேர் எதிர்.

அதே வகுப்பில் இன்னொன்றும் சொன்னார்கள். ஒளி காட்டி, இன்னும் கழுவாத ஃபிலிமை ஆழ்ந்த சிவப்பு அல்லது அகச்சிவப்பு ஒளியில் வைத்தால் பதிந்த படம் அழிந்துபோகும். ஹெர்ஷல் விளைவு. ஜான் ஹெர்ஷல் 1839 வாக்கில் கண்டது. சில்வர் புரோமைடு சிவப்பை உறிஞ்சாது. உறிஞ்சுவது மேலே ஒட்டியிருக்கும் அந்த வெள்ளிப் பொட்டு. பொட்டிலிருந்து எலக்ட்ரான் எகிறி சில்வர் புரோமைடுக்குள் விழும். எலக்ட்ரானை இழந்த வெள்ளி அயனியாகி நழுவும். பொட்டு கரையும், படம் போகும்.

உலோகப் பொட்டு, ஒளி, குறைகடத்திக்குள் தாவும் எலக்ட்ரான். நீங்கள் சொல்வதும் இதுதானே? நாங்கள் அதை வராமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்கினோம், நீங்கள் வரவைப்பதற்கு வாங்குகிறீர்கள் போலிருக்கிறது.

இன்னொன்று. பல கலர் ஃபிலிம்களில் நீல அடுக்குக்கு அடியில் ஒரு மஞ்சள் வடிகட்டி அடுக்கு உண்டு. அதில் சாயம் கிடையாது. வெறும் வெள்ளி, கூழ்மமாக ஜெலட்டினில். கேரி லீ வெள்ளி என்போம். வெள்ளி எப்படி மஞ்சளாகும் என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். துகள் சிறிது, அதனால் என்றார்கள். அதற்குமேல் கேட்கவில்லை.

---

குன்னூர்க்காரி
செவ்வாய், மதியம் 12.05

ஐயா, எழுந்து நின்று படித்தேன்.

அந்த மஞ்சள்தான் பிளாஸ்மான். சின்ன வெள்ளி உருண்டையின் ஆட்டம் 400 நானோமீட்டர் பக்கம் விழும். நீலத்தை விழுங்கிவிடுவதால் மஞ்சளாகத் தெரிகிறது. நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்கு இத்தனை வருடம் கழித்துப் பதில்.

தம்பி, இதைக் கவனியுங்கள். ஹெர்ஷல் காலத்தில் லேசர் இல்லை. எலக்ட்ரான் தாவியதை அவர் எப்படிப் பார்த்தார்? பார்க்கவே இல்லை. வெள்ளி கரைந்ததைப் பார்த்தார். எலக்ட்ரான் போய்த் திரும்பி வந்திருந்தால் வெள்ளி கரைந்திருக்காது. அகலத்தில் இல்லாத சாட்சி இது.

இதையே டைட்டானியாவில் செய்திருக்கிறார்கள். 2003-இல் டோக்கியோவில் தத்சுமா, ஃபுஜிஷிமா முதலியோர். டைட்டானியா படலத்தை வெள்ளி நைட்ரேட் கரைசலில் வைத்துப் புறஊதா காட்டினால் வெள்ளித் துகள்கள் படியும். எல்லா அளவிலும் வடிவிலும் படிவதால் உறிஞ்சல் கண்ணுக்குத் தெரிகிற பகுதி முழுக்கப் பரந்திருக்கும், படலம் பழுப்பாகத் தெரியும். அதன்மேல் பச்சை ஒளி காட்டுங்கள். பச்சைக்கு ஆடும் துகள்கள் மட்டும் எலக்ட்ரானை டைட்டானியாவுக்குக் கொடுக்கும். அதைக் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளும், அந்த வெள்ளி கரையும். பச்சையை உறிஞ்ச ஆள் இல்லாமல் போவதால் அந்த இடம் பச்சையாகத் தெரியும். சிவப்பு காட்டினால் சிவப்பு. திரும்பப் புறஊதா காட்டினால் பழையபடி பழுப்பு.

செலவு: வெள்ளி நைட்ரேட், ஒரு புறஊதா விளக்கு, கலர் எல்.இ.டி. படலத்தின்மேல் கொஞ்சம் ஈரம் இருந்தால் அயனி நகர வசதி. உதகையில் ஈரத்துக்கா பஞ்சம்?

---

கோத்தகிரிக் குளிர்
செவ்வாய், மாலை 4.30

சரி, இது எனக்குப் பிடித்திருக்கிறது. சூடு என்றால் பக்கத்தில் இருக்கிற எல்லா வெள்ளியையும் சேர்த்துத்தான் பாதிக்கும், பச்சைக்கு ஆடுகிறதை மட்டும் பார்த்துப் பொறுக்கி எடுக்காது. பச்சை நிறம் வந்தால் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனாலும் அதே சாம்பிளை இருட்டில் அடுப்பில் வைத்து ஒரு தடவை பாருங்கள். எனக்காக.

---

பனிமூட்டம்
மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 11.15

தாமதத்துக்கு மன்னிக்கவும். படலம் செய்கிற டைட்டானியம் ஐசோபுரோபாக்சைடு ஈரம் பட்டால் கெடும், அந்தப் பாட்டிலைத் திறந்த நாளெல்லாம் ஜன்னலுக்கு வெளியே மேகம். மூடியைத் திருகும்போதே வாய்ப்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. நாலு தடவை படலம் சாம்பல் மாதிரி உதிர்ந்தது. கடைசியில் அறைக்குள் ஹீட்டர் போட்டு, பாட்டிலைச் சிலிக்கா ஜெல் டப்பாவுக்குள் வைத்து, மேகம் விலகிய ஒரு காலையில் ஒரே மூச்சில் நாலு கண்ணாடி தோய்த்தேன்.

முதலில் தங்கம். இந்தத் தடவை சொட்டு விடவில்லை. கண்ணாடியை ஒட்டும் மூலக்கூறில் நனைத்து, துகள் தனித்தனியாக ஒட்டும்படி நீர்த்த கரைசலில் வைத்தேன். எல்லாம் காய்ந்த நிலையில், ஒரே நாளில் அளந்தது.

வெறும் கண்ணாடி: அகலம் 0.33.
சிர்க்கோனியா: 0.36.
டைட்டானியா: 0.38.

கருவியில் ஒரே சாம்பிளை மூன்று தடவை வைத்தாலே 0.02 ஆடுகிறது. ஆக சிர்க்கோனியாவுக்கும் டைட்டானியாவுக்கும் உள்ள வித்தியாசம் என் கைநடுக்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. பழைய ஊதாச் சொட்டின் 0.43-இல் பெரும்பகுதி துகள்கள் ஒட்டிக்கொண்டது.

அடுத்து வெள்ளி. பெரியவர் ஐயா, படலம் அக்கா சொன்ன மாதிரியே பழுப்பில் வந்தது. பத்துப் பைசா அளவில் கறுப்புத் தாளில் ஓட்டை போட்டு, 530 நானோமீட்டர் எல்.இ.டி.-க்குக் கீழே வைத்தேன். அரை மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. சாப்பிடப் போய்விட்டு வந்து தாளை எடுத்தால் நடுவில் ஒரு பொட்டு, பாசி நிறத்தில். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த திங்கள் முறை கிடைத்ததும் அளந்தேன். பரந்து கிடந்த உறிஞ்சல் மேட்டில் 530 பக்கம் ஒரு பள்ளம். மற்ற இடத்தில் மேடு கிட்டத்தட்ட அப்படியே.

கோத்தகிரி அண்ணா, இருட்டில் 60 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்த துண்டும் இருக்கிறது. லேசாக வெளுத்தது, ஆனால் பள்ளம் இல்லை.

---

கோத்தகிரிக் குளிர்
சனி, காலை 6.50

மூடிக்கொண்டேன்.

---

குன்னூர்க்காரி
சனி, காலை 8.30

அந்தப் பள்ளத்தை இன்னொரு தடவை பாருங்கள் தம்பி. ஒரே துகளின் பீக்தான் அவ்வளவு அகலம் என்றால் பச்சை ஒளி மேடு முழுவதையும் ஒரே மாதிரி தாழ்த்தியிருக்க வேண்டும். அந்த இடத்தில் மட்டும் பள்ளம் விழுந்தது என்றால், அந்த மேடு பலதரப்பட்ட துகள்களின் கூட்டம். முதல் நாள் நான் வாயால் சொன்னதை உங்கள் சாம்பிள் வரைந்து காட்டிவிட்டது.

ஒரு எச்சரிக்கை. வெள்ளி கரைந்ததால் எலக்ட்ரான் போனது தெரிகிறது. எத்தனை சதவீதம் என்று தெரியாது. பெரும்பாலான எலக்ட்ரான் போன வேகத்தில் திரும்பி வந்துவிடும், ஆக்சிஜனிடம் சிக்கியது மட்டும்தான் உங்கள் பச்சைப் பொட்டில் இருக்கிறது. பேப்பரில் ஆசைப்பட்டு எண் எதையும் போட்டுவிடாதீர்கள். வெள்ளியில் பார்த்ததைத் தங்கத்துக்கும் சேர்த்து எழுதிவிடவும் வேண்டாம், இரண்டும் இரண்டு குணம்.

அகலத்தை வைத்தே பேச வேண்டும் என்றால் தங்க உருண்டையை விட்டுவிட்டுத் தண்டு வடிவத் தங்கத் துகளுக்குப் போங்கள். தண்டின் நீளவாட்டு ஆட்டம் 1.5, 1.8 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் விழும், டி பட்டையின் வாசல் அங்கே மூடியிருக்கும். அதனால் தனித் துகளின் அகலம் 0.1 அளவுக்கு ஒல்லியாகிவிடும். ஒல்லியான பீக்கில்தான் இடைமுகம் கூட்டுகிற சிறு அகலம் கண்ணில் படும். சானிக்சன் குழு 2002-இல் காட்டியது. 2013-இல் லிங்க் குழு தண்டுகளைக் கிராஃபீன் மேலும் குவார்ட்ஸ் மேலும் வைத்து, ஒவ்வொரு தண்டாக அளந்து, கூடிய அகலத்திலிருந்து 10 சதவீதம் என்று சொன்னார்கள். கைடின் கணக்கும் அதே கணக்குத்தான். ஆனால் அவர்கள் ஒற்றைத் தண்டாக அளந்ததால் சொல்ல முடிந்தது.

---

பூம்பாறைப்பூண்டு
சனி, காலை 9.10

தண்டு வளர்க்கப் போகிறீர்கள் என்றால் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். தண்டு வளர்க்கச் சேர்க்கும் சோப்பு மாதிரிப் பொருளான சி.டி.ஏ.பி. 25 டிகிரிக்குக் கீழே கரைசலில் நிற்காது. முதல் தடவை இரவு கரைத்து வைத்துவிட்டுக் காலையில் வந்து பார்த்தேன். பாட்டில் முழுக்க வெள்ளை ஊசி, குலுக்கினால் பனிக்கட்டி மாதிரி சலசலக்கிறது. யாரோ சாம்பிளைக் கெடுத்துவிட்டார்கள் என்று வாட்ச்மேன் வரை சண்டை போட்டேன். அப்புறம்தான் புரிந்தது, அறை 13 டிகிரி. 28-இல் வைத்த தண்ணீர்த் தொட்டி கட்டாயம். கரண்ட் போனால் உடனே பழைய கம்பளியால் சுற்றிவிடுங்கள்.

---

பனிமூட்டம்
சனி, மாலை 5.25

கைடிடம் இரண்டு படத்தையும் காட்டினேன். சிர்க்கோனியா படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பிறகு பச்சைப் பொட்டு விழுந்த கண்ணாடியை வாங்கி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தார். "28-ஐ அடிச்சுடு. இதை முதல் படமா வை" என்றார்.

பாட்டில், தொட்டி, கம்பளி தயார். பொட்டு விழுந்த கண்ணாடி இப்போது என் மேசை மேல், ஜன்னலோரம். அப்பா அம்மாவுக்குக் காட்ட ஊருக்கு எடுத்துப்போகலாம் என்றிருக்கிறேன்.

---

இந்துநகர்ப் பெரியவர்
சனி, மாலை 5.40

தம்பி, முதலில் அதை ஜன்னலோரத்திலிருந்து எடு. ஃபிக்ஸர் போடாத படம் அது. பகல் வெளிச்சத்தில் வைத்தால் ஊர் போய்ச் சேர்வதற்குள் பொட்டு இருக்காது. கறுப்புத் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, தகர டப்பாவில் வை. டப்பா வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது, திங்கட்கிழமை பேத்தியிடம் கொடுத்தனுப்புகிறேன்.